என் மூச்சினால் புளித்த கடல்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
செப்டம்பர் 1997

கிள்ளானில் வீற்றிருந்து என்னையும் இந்த நாட்டையும் ஒரே அளவு கவலையோடு கவனித்துவரும் மெய்யம்மை ஆச்சி அவர்களுக்கு, தம்பி பெரியகருப்பன் வணங்கி எழுதுவது.

இங்கே மீன்கள் நலம். நான் நலமில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கும் மனநிலையில்கூட இல்லை; கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவதை யாரும் நம்ப மாட்டார்கள். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். அவர்களையெல்லாம் முன்கூட்டியே மன்னித்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன். ஆச்சி, மூச்சு விட்ட குற்றத்துக்காக உங்கள் மகன் நாராயணன் என்னை ஹாலிலிருந்து வெளியேற்றிவிட்டான். போனில் சொல்லலாமென்றால் போனும் அந்த ஹாலில்தான் இருக்கிறது.

அவன் ஹாலில் கடல் வளர்ப்பது உங்களுக்குத் தெரியும். கண்ணாடிப் பெட்டி என்னவோ நாலு முறுக்கு டின்னைச் சேர்த்து வைத்த அளவுதான். உள்ளே இரண்டு கோமாளி மீன், ஓர் இறால், பூ மாதிரி விரிகிற பவளம் கொஞ்சம். ஆனால் அதற்கு நடக்கிற உபசாரம் நம் வம்சத்தில் எந்த மாப்பிள்ளைக்கும் நடந்ததில்லை. குழாய்த் தண்ணீர் ஆகாதாம்; வடிகட்டி, உப்புப் பொடி கலக்கி, சூடு பார்த்து ஊற்றுகிறான். அதே குழாய்த் தண்ணீரைக் குடித்துத்தான் நான் இத்தனை காலம் இந்த உடம்பைக் கட்டிக் காத்து வருகிறேன். என் சூட்டை யார் பார்த்தார்கள்?

சுமத்ராவிலிருந்து காட்டுத்தீப் புகை வந்ததே, அன்று பிடித்தது சனியன். ஊரே கதவடைத்தது. நாங்களும் ஜன்னல்களை இறுக்கி, இடுக்கில் பழைய துணியைத் திணித்து, ஏர்கானைப் போட்டோம். வெளியே உட்கார வழியில்லாததால் என் ரம்மி கூட்டாளிகள் சிவகுருநாதனும் வேலாயுதமும் காலையிலேயே இங்கு வந்துவிடுவார்கள். ராச்சாப்பாட்டு வாசனை வந்தால்தான் எழுவார்கள், அதுவும் கை கழுவ. இப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் நாராயணன் பேனா மாதிரி ஒரு கருவியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்துவிட்டு, சாவுத் தந்தி வந்தவன்போல் உட்கார்ந்துவிட்டான். பி.எச். எட்டுக்கு மேல் நிற்க வேண்டுமாம், கீழே விழுந்துவிட்டதாம்.

“என்னடா அர்த்தம்?” என்றேன்.

“தண்ணி புளிப்புப் பக்கம் போவுது அம்மான். இப்படியே போனா பவளம் எலும்பு கட்ட முடியாம செத்துரும்.”

புளிப்பதற்கு அது என்ன தோசை மாவா ஆச்சி? ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. சுத்தமான உப்பு. இந்த ஆராய்ச்சி முடிவை இந்த வீட்டில் ஒரு ஜீவன் மதிக்கவில்லை. கடையிலிருந்து ஏதோ ஏற்றுகிற பொடியை வாங்கி வந்து போட்டான், ஏறியது, இறங்கியது. சுண்ணாம்புத் தெளிநீரை ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக விட்டான், வெற்றிலையே போடாத மீனுக்கு. விடியும்போது ஏறியிருக்கும், நாங்கள் சீட்டைக் கலைத்துப் போட ஆரம்பித்தால் இறங்கும். பவளம் விரலை மடக்கிக்கொண்டது. வீடு துக்க வீடாயிற்று. உங்கள் மருமகள் அலமேலு கடுகு வெடிக்கிற சத்தம்கூட வெளியே வராமல் தாளித்தாள்.

அப்புறம் உங்கள் பிள்ளை ஒரு வாளியில் தொட்டித் தண்ணீரை மொண்டு, பால்கனியில் வைத்து, அந்தப் புகைக்குள்ளேயே மோட்டார் போட்டுக் காற்றுக் குமிழி விட்டான். பேனாக் கருவியில் எண் மளமளவென்று ஏறியது; கெடுதல் மூடிய ஹாலின் காற்றில்தான் என்றான். அதாவது, ஒரு தீவின் காடு முழுவதும் எரிகிற புகையைவிட உங்கள் தம்பியின் மூச்சு மோசம். இதுதான் தீர்ப்பு. நான் விடுவேனா? நிரூபி என்றேன். கண்ணாடி டம்ளரில் அந்தச் சுண்ணாம்புத் தெளிநீரை ஊற்றி, ஒரு ஸ்ட்ராவைக் கொடுத்து ஊதச் சொன்னான். ஊதினேன். பால் மாதிரி வெளுத்துவிட்டது.

“பாத்தீங்களா? மூணு பேரு, நாள் பூரா, மூடுன ஹாலு. நீங்க விடுற இந்தக் கரியமிலக் காத்துதான் தண்ணியில எறங்கிப் புளிக்க வைக்குது. கோவப்படாதீங்க லா அம்மான்.”

வேலாயுதம் என்கிற துரோகி, “பாஸ் ஊதுனா பாலில்லாத கோப்பி ஓ கூட பால் கோப்பியாயிரும் லா” என்று தொடையில் தட்டிச் சிரித்தான். சிவகுருநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க உத்தியோகத்தில் மூச்சை அடக்கியே பென்ஷன் வாங்கியவர். அவரே பொறுக்க மாட்டாமல், “என்ன காணும், இனி எங்கட சுவாசத்துக்கும் லைசென்ஸ் எடுக்க வேணுமோ?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

இப்போது நான் பால்கனியில் இருக்கிறேன். புகையில் என் கையில் இருப்பது ராஜாவா ராணியா என்று தடவிப் பார்த்துத்தான் இறக்குகிறேன். எதிரே இருப்பது சிவகுருநாதன்தானா என்பதை இருமலை வைத்து அனுமானிக்கிறேன். ஆச்சி, நீங்கள் பெற்றவன், நீங்களே கேளுங்கள்: மீனா, அம்மானா? சரியான பதில் வராவிட்டால் சனிக்கிழமை கொமுட்டர் ரயில் ஏறி மூட்டை முடிச்சோடு கிள்ளானுக்கு வந்துவிடுவேன். முன்னறையை ஒழித்து வையுங்கள். அங்கே இரண்டு மூக்கிலும் தாராளமாக, யாருக்கும் கணக்குச் சொல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டு கடைசிக் காலத்தைக் கழிக்கிறேன்.

பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்கள் வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் கொஞ்சம் கொடுங்கள். நாராயணனுக்கு உரிய ஆசியை மறு உத்தரவு வரும்வரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் தம்பி,
பெரியகருப்பன்

பி.கு.: முன்னறையை ஒழிக்க வேண்டாம். வெளியேற்றினான் என்பது எழுதும் வேகத்தில் கொஞ்சம் கூடிவிட்டது. “உள் ரூமுல போயி விளையாடுங்க அம்மான், அங்க ஏர்கான் இன்னும் ஜில்லுன்னு இருக்கும்” என்றுதான் சொன்னான். பால்கனிக்கு நான் போனது கொள்கைக்காக. இருமல் வந்ததும் கொள்கையை மாற்றிக்கொண்டேன். கடிதம் முழுவதும் உள் ரூமிலிருந்து எழுதியதுதான். ஜில்லென்றுதான் இருக்கிறது, அலமேலு வடை வேறு கொண்டுவந்து வைத்தாள். ஆகவே மேலே உள்ளதையெல்லாம் நீங்கள் தள்ளுபடி செய்யலாம். ஒன்று மட்டும் மெய். நாங்கள் எழுந்து வந்த பிறகு அந்தப் பேனா எட்டைத் தாண்டிவிட்டது, பவளமும் விரிந்துவிட்டது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் போய் நானே பார்த்தேன். சிவகுருநாதனின் மூச்சாகத்தான் இருக்க வேண்டும்.