தமால் அழுத கதை

புவெப்லா நகரச் சந்தைக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் உயிரோடு இருப்பவன் நுழைய இடமில்லை. அத்தனை பேரும் செத்தவர்களோடு பேச வந்தவர்கள்! பேச வைப்பவர் எவரிஸ்தோ. ஒரு மரப்பெட்டி, இரண்டு பித்தளைப் பிடி, ஒரு கிண்ணம் புனித நீர். கையை நனைத்துப் பிடிகளைப் பற்றினால் பெட்டி முனகும், கீச்சிடும், அழும். ஒருமுறை வந்த சத்தம் மறுமுறை வராது.

"மெஷின்னா சொன்னதையேதான் திரும்பச் சொல்லும். இது உயிரும்மா, உயிர்!" என்பார். அர்த்தம் சொல்வதும் அவரேதான். செத்துப் போனால் ஸ்பானிஷ் மறந்துவிடுமாம்!

ரொட்டிக்கடை யூஃபேமியா மறுபடியும் வந்திருந்தாள். கணவன் பொன்சியானோ போன பிறகு அந்தக் கடைதான் அவளுக்குச் சோறு போட்டது. போன வாரம் பெட்டி, கடையை எவரிஸ்தோ பெயருக்கு எழுதிவைக்கச் சொல்லிவிட்டது. இன்று கையெழுத்து. உயிரோடு இருந்தவரை ரொட்டித் தட்டைக்கூட இரவல் கொடுக்காத மனிதன், செத்ததும் வள்ளலாகிவிட்டான் பாருங்கள்! அவளுக்கும் உறுத்தியது. ஆனாலும் அந்த முனகலை விட மனசு வரவில்லை.

கூட வந்தவள் நாத்தனார் காசில்தா. மின்சுற்றுகளைத் தாறுமாறாக அலறவிட்டு, அதையே மேடையில் வாசித்துப் பிழைப்பவள்.

"அண்ணி, கை ஈரம் துளி மாறினாலும் சத்தமே மாறிடும். நான் செய்யற பெட்டியும் இப்படித்தான் கத்தும்."

"உன் பெட்டி கத்தும்டி. இது உங்க அண்ணன்!"

"அப்ப பார்த்துடுவோம்."

காசில்தா கூடையிலிருந்து ஒரு தமாலை எடுத்து, அது வெந்திருந்த சோளத்தோகையைப் பிரித்தாள். எவரிஸ்தோ தடுப்பதற்குள் அந்த மாவுருண்டையைப் புனித நீரில் முக்கி, இரண்டு பிடிகளுக்கும் நடுவில் செருகினாள்.

பெட்டி ஓவென்று அழுதது. அழுத்தினாள், கீச்சிட்டது.

"ஐயா, இந்தத் தமாலோட வீட்டுக்காரர் எப்போ தவறினாரு?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எவரிஸ்தோவுக்கு வியர்த்தது. "அது... தமாலுக்குள்ள வெச்சிருக்கிற பன்னிக்கறியோட ஆவி..."

"உள்ள பன்னியே கிடையாதுய்யா, இது இனிப்புத் தமால்!"

யூஃபேமியா மூடியை நெம்பித் திறந்தாள். வயர், பேட்டரி, ஒரு ஸ்பீக்கர். பொன்சியானோ இல்லை. இரண்டாவது தடவையாகப் புருஷனைப் பறிகொடுத்தவள்போல் தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பத்திரத்தைக் கிழித்துப் போட்டாள்.

"என் வீட்டுக்காரர் ஒருநாளும் என்கிட்ட கத்தினதில்ல. அதையாவது நான் யோசிச்சிருக்கணும்."

தமால் வெந்ததா என்று தோகையை விலக்கிப் பார்க்கத் தெரிந்த மகாஜனங்களே, பெட்டியின் மூடியையும் ஒரு தடவை விலக்கிப் பார்த்தால் உங்கள் கை என்ன தேய்ந்தா போய்விடும்?