கோப்ரலை லேமினேட் செய்த கதை

என் மாமனாரின் ராணுவ விடுகைப் பத்திரத்தைக் கெடுத்தவன் நான்தான். இதை இனிமேல் மறைத்துப் பயனில்லை. பலாபத்வல சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும்; மீதிப் பேருக்கு என் மனைவி செல்வி சொல்லிவிடுவாள். ஆறு வருடத்துக்கு முந்திய சங்கதி. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம், கடை திறந்து நாலு மாதம், கடைக்கு லேமினேட் மெஷின் வாங்கி மூன்று வாரம். நடந்ததற்கெல்லாம் காரணம் இந்த மூன்றாவதுதான்.

என் கடை, போட்டோகொப்பி எடுத்து, கடிதம் டைப் செய்து, போன் கார்ட் விற்கிற சின்னக் கடை. மெஷின் வந்த நாளிலிருந்து எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. முதலில் எங்கள் கல்யாணப் பதிவுச் சான்றிதழை லேமினேட் செய்தேன். பிறகு என் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், கோயில் திருவிழா நோட்டீஸ், கட்டி முடித்த கரண்ட் பில். ஒரு நாள் ஒரு வெற்றிலையைக்கூட விட்டுப் பார்த்தேன். (அது வெந்த வாசனை இரண்டு நாள் கடையில் இருந்தது.) பிளாஸ்டிக்குக்குள் போகாத எதையும் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருந்த காலம் அது.

மாமாவின் பெயர் ராமையா. மாத்தளைக்கு மேலே ஒரு கொக்கோத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, இருபது வயதில் ராணுவத்தில் சேர்ந்து, கோப்ரல் பதவியோடு விலகி வந்தவர். காலையில் நாலரைக்கு எழும்பிப் போர்வையை மூலைக்கு மூலை பிடித்து மடிப்பார். அதிகம் பேச மாட்டார். கோபம் வந்தால் இன்னும் குறைவாக, இன்னும் மரியாதையாகப் பேசுவார். அவர் விலகும்போது கொடுத்த விடுகைப் பத்திரம் இரண்டு தாள். அதில் தொழில் என்ற இடத்தில் 'சமையலறை உதவியாளர்' என்றும், விருதுகள் என்ற இடத்தில் 'இல்லை' என்றும் எழுதியிருந்தது. இரண்டுமே பிழை. சேர்ந்த புதிதில் எட்டு மாதம் சமையலறையில் நின்றார். அதற்குப் பிறகு இருபத்தொரு வருடம் அம்புலன்ஸ் ஓட்டினார். வெள்ளத்தில் ஆட்களைக் காப்பாற்றியதற்கு ஒரு பதக்கமும் வாங்கியிருக்கிறார். பதக்கம் அலுமாரியில் கிடந்தது. ஆனால் பத்திரத்தில் இல்லாத பதக்கத்தை யார் நம்புவார்கள்? கொழும்பில் கடையில் வாங்கியதாம் என்று ஊரில் கதை.

உண்மையைச் சொன்னால் நானும் முழுதாக நம்பவில்லை. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நடந்த விருந்துக்கு, மாமாவே பட்டாளத்துச் சமையல்காரர்தானே என்று சொல்லி, இருநூறு பேர் சாம்பாரை அவர் தலையில் கட்டியவன் நான். அவர் மறுக்காமல் கிளறினார். அந்தச் சாம்பாரைச் சாப்பிட்டவர்கள், இவர் சமையலறையில் இருந்திருக்க முடியாது என்பதற்கு எந்தக் கோர்ட்டிலும் சாட்சி சொல்வார்கள்.

அந்த வருடம் எங்கள் பக்கத்து ஓய்வுபெற்ற ராணுவத்தினர் சங்கம், மண்டபத்துச் சுவரில் கல்வெட்டு பதிக்கத் தீர்மானித்தது. பெயர், தொழில், விருது மூன்றும் வரும். பத்திரத்தில் இருப்பதைத்தான் வெட்டுவேன் என்று செயலாளர் சொல்லிவிட்டார். அன்று மாலை மாமா பத்திரத்தைப் பழைய உறை ஒன்றில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

"அந்தக் கல்லுல தமிழ்ப் பேருன்னா என் பேரு ஒன்னுதான் மாப்ள" என்றார். "அதுக்கு நேரா இல்லைன்னு வெட்டி வச்சா, நான் செத்தப்புறமும் அது அங்கயே நிக்கும்."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை நாவுலயில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஓய்வுபெற்றவர்களுக்கான நடமாடும் சேவை. ராணுவ ஆவணப் பிரிவிலிருந்தே ஆட்கள் வருகிறார்கள், ஒரே ஒரு நாள். அதற்குப் பத்திரத்தின் போட்டோகொப்பி இரண்டு வேண்டும் என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

நான் அச்சடித்த பக்கங்களை மட்டும் கொப்பி எடுத்தேன். அத்தோடு நின்றிருக்கலாம். தாள் இரண்டும் ஓரம் நைந்து, மடித்த இடத்தில் கிழியப் பார்த்தது. இப்பேர்ப்பட்ட பத்திரத்தை இப்படியேவா அதிகாரி முன்னால் வைப்பது? அச்சடித்த பக்கங்கள் வெளியே தெரியும்படி இரண்டு தாளையும் முதுகோடு முதுகாகப் பசை தடவி ஒட்டினேன். ஒட்டும்முன் இரண்டாம் தாளின் முதுகில் மைப்பேனாவில் ஏதோ நெருக்கமாக எழுதியிருந்ததைப் பார்த்தேன். எனக்குச் சிங்களம் டைப் செய்யுமளவு தெரியும். ஆனால் அது டாக்டர் மருந்து எழுதிய மாதிரி இருந்தது. யாரோ கணக்குப் பார்த்த கிறுக்கல் என்று முடிவுசெய்து, அதன் மேல் பசையைக் கொஞ்சம் தாராளமாகவே தடவினேன். மெஷினிலிருந்து அது சுடச்சுட, விறைப்பாக, பளபளவென்று வந்தது. மாமாவுக்கு முன்கூட்டியே காட்டவில்லை. அதிகாரியின் மேசையில் வைக்கிற நேரத்தில்தான் ஃபைலிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஆசை.

செவ்வாய்க்கிழமை மாமா வெள்ளைச் சட்டையும் மினுக்கிய சப்பாத்துமாக வந்தார். நாலந்தாவில் பஸ் நின்றபோது தேநீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். மடியில் வைத்த கையை நாவுல வரும்வரை எடுக்கவில்லை. மண்டபத்தில் எழுபது, எண்பது பேர் கதிரைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முறை வரும்போது பதினொன்றரை.

மேசையில் இருந்தவர் ஒரு பெண் அதிகாரி. எல்லோரும் மிஸ் என்றார்கள், நாங்களும் அப்படியே. பொறுமையான மனுஷி. மாமா சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார். அப்போதுதான் எனக்கே முழுதாகப் புரிந்தது. விலகிய அன்றே அவருடைய கட்டளை அதிகாரி பிழைகளைக் கண்டு, பதக்கத்துக்கான உத்தரவு இலக்கத்தோடு தாளின் பின்பக்கத்தில் கைப்பட எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறார். அந்த இலக்கம் கிடைத்தால் போதும், பழைய பதிவேட்டில் தேடி எடுத்துத் திருத்திவிடலாம் என்றார் மிஸ். இலக்கம் ஞாபகம் இருக்கிறதா என்றார். இல்லை, ஆனால் தாளில் இருக்கிறது என்றார் மாமா, என் பக்கம் கையை நீட்டி.

நான் ஃபைலைத் திறந்து அதை எடுத்து வைத்தேன். மின்விசிறிக் காற்றுக்கு அது அசையவே இல்லை.

மாமா திருப்பினார். இரண்டாம் பக்கம் தெரிந்தது. மறுபடி திருப்பினார். முதற்பக்கம். இப்படி மூன்று தடவை. பிறகு என்னைப் பார்த்தார்.

"பின்பக்கம் எங்கங்க மாப்ள?"

அந்த 'ங்க' அதுவரை எனக்குக் கிடைத்ததில்லை. உள்ளே இருக்கிறது என்றேன். உள்ளே என்றால் என்று மிஸ் கேட்டார். ஒட்டியிருக்கிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார். பார்வைக்கு நன்றாக இருக்கும் என்றேன். மூன்று மணிக்கு மேசையை மடக்கிவிடுவோம், அதற்குள் பிரித்துக் கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்றார். மாமா கதிரையில் போய் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சூட்டில் ஒட்டியது சூட்டில்தான் பிரியும் என்று கடைத்தெருவுக்கு ஓடினேன். அங்கே பாரூக் நானா என்ற தையல்காரரின் கடையில் இஸ்திரிப்பெட்டி இருந்தது. கதையைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. "வயசான மனுசன்ட பத்திரத்த இப்படியா மவன் செய்ற?" என்று மட்டும் கேட்டுவிட்டு, துணியை மேலே போட்டு மெதுவாகத் தேய்த்தார். பிளாஸ்டிக் சுருங்கிக் கழன்றது. ஒட்டிய தாள்களைக் கெட்டில் ஆவியில் காட்டிக் காட்டிப் பிரித்தோம். ஒரு மணி நேரம் போயிருக்கும்.

பிரிந்தது. ஆனால் எழுதியிருந்த பக்கத்தில் நீல மேகம் மட்டும்தான் மிச்சம். நான் தாராளமாகத் தடவிய பசை மையைக் கரைத்து, எழுத்து முழுவதையும் எதிர்த் தாளின் முதுகில் இடம் வலமாகப் பதித்திருந்தது. நான் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். (செல்வியிடம் வியர்வை என்று சொல்லியிருக்கிறேன்.)

பாரூக் நானா தாளை எடுத்துக்கொண்டு, ஆட்கள் சட்டை போட்டுப் பார்க்கிற கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். எழுத்து நேராகத் தெரிந்தது.

நான் உடனே போனில் படம் எடுத்து, அதைத் திருப்பி வைத்துக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினேன். மிஸ் பார்த்தார். இந்தக் காலத்தில் போனில் எதையும் உண்டாக்கலாம், தாளிலிருந்து என் கண்ணால் வாசித்தால்தான் எழுதுவேன் என்றார். நியாயம்தான். திரும்ப ஓடினேன்.

கண்ணாடி ஆள் உயரம், தேக்கு மரச் சட்டம் போட்டது. என்னை நம்பித் தர நானாவுக்கு மனமில்லை. (அன்றைய தினம் என்னை நம்ப யாருக்கும் மனமில்லை.) கடையைப் பூட்டிவிட்டு அவர் ஒரு முனையைப் பிடித்தார், நான் மறுமுனையை. நாவுல கடைத்தெரு முழுக்க அதைப் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு நடந்தோம். மரக்கறி லொறி ஒன்று எங்களுக்காக நின்றது. பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் எங்களை நிறுத்தித் தலை சீவிக்கொண்டார்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி இரண்டேகால். கண்ணாடியை மேசைக்கு எதிரே நிறுத்தி இரு பக்கமும் பிடித்துக்கொண்டோம். மிஸ் தாளை அதற்கு முன்னால் பிடித்து வாசிக்கத் தொடங்கினார். மை ஊறிய எழுத்து ஆகையால் ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. வரிசையில் இருந்த கிழவர்கள் எழும்பி வந்து சுற்றி நின்றார்கள். மிஸ் தடுக்கிய இடத்தில் யாராவது ஒருவர் சொல்லிக்கொடுத்தார். இப்படி மண்டபமே சேர்ந்து சத்தமாக வாசித்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

கோப்ரல் ராமையா சமையலறை உதவியாளர் அல்ல, அம்புலன்ஸ் சாரதி. பழைய ஏட்டைப் பார்த்துப் பிழையாக எழுதியிருக்கிறார்கள், திருத்தவும். வெள்ளத்தில் மூழ்கிய பாலத்தைத் தாண்டி, ஆஸ்பத்திரியில் இருந்தவர்களை மூன்று தடவை ஏற்றி வந்தார். நாலாம் தடவை போகக் கூடாது என்று நான் கட்டளையிட்டேன். போனார். ஒரு தாயும் ஐந்து நாள் குழந்தையும் அந்தத் தடவையில் வந்தவர்கள். கட்டளையை மீறியதற்குத் தண்டனை எழுத வேண்டிய நான் பதக்கத்துக்கு எழுதினேன்.

அதன் கீழே இலக்கம், கையெழுத்து. மிஸ் இலக்கத்தை இரண்டு தடவை சரிபார்த்து எழுதிக்கொண்டார். பிறகு நரைத்த மீசைக்காரர் ஒருவர், வேண்டாம் என்று சொல்லியும் ஏன் போனாய் என்று மாமாவிடம் சிங்களத்தில் கேட்டார்.

"இன்னும் ஆள் இருந்தாங்களே" என்றார் மாமா. அதைத் தமிழில்தான் சொன்னார். ஒருவரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

நான் கண்ணாடிக்குப் பின்னால் நின்றதால் என் முகம் யாருக்கும் தெரியவில்லை. இருநூறு பேர் சாம்பார் ஞாபகத்துக்கு வந்து, வெட்கத்தில் காது சூடேறியது.

எல்லாம் முடிந்து கண்ணாடியைத் தூக்கப்போகும்போது, மிஸ் கைப்பையிலிருந்து உள்ளங்கை அளவில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துத் தலைமயிரைச் சரிசெய்தார். நானும் நானாவும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். கேட்டிருந்தால் தந்திருப்பேனே என்றார்.

இரண்டரை மாதத்தில் திருத்திய பத்திரம் பதிவுத் தபாலில் வந்தது. கல்லிலும் சரியாக வெட்டினார்கள். மாமா இப்போதெல்லாம் போட்டோகொப்பி எடுக்க என் கடையைத் தாண்டி பஸ் ஏறி மாத்தளைக்குப் போகிறார். சொந்தக்காரர் வீட்டுக்கு நான் போனால், "பேப்பரெல்லாம் உள்ள வைங்க, மாப்ள வர்றாரு" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. என் மகள் பிறந்து பிறப்புச் சான்றிதழ் எடுத்து வந்த அன்று, செல்வி அதை என் கையில் தராமல் நேராகத் தன் அப்பாவிடம் கொடுத்தாள்.

இந்தக் கதையை விசேஷ வீடுகளில் தொடங்கி வைப்பவரே மாமாதான். பசை, இஸ்திரிப்பெட்டி, கண்ணாடி ஊர்வலம் என்று ஒன்றையும் விடமாட்டார். கண்ணாடி வருடத்துக்கு ஓர் அடி வளர்கிறது. கூட்டம் சிரித்து முடித்ததும் யாராவது ஒருவர், அப்படி அந்தத் தாளில் என்னதான் எழுதியிருந்தது என்று கேட்பார். மாமா உடனே, மாப்ளகிட்ட கேளுங்க என்று என் பக்கம் கையைக் காட்டுவார்.

நான் சொல்வேன். ஒரு சொல் விடாமல் சொல்வேன். அந்த நாலாம் தடவை போன இடம் வரும்போது அவர் கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொள்வார்.