இருபதாந்தேதி இன்டர்வியூ

என் பேரு மணியனுங்க. திருப்பூர் மண்ணரையில சின்னதா ஒரு பனியன் கம்பெனி வெச்சிருக்கேன். பதினெட்டு மெஷின். கம்பெனிக்குள்ள எல்லாரும் என்னை முதலாளிம்பாங்க. ஊட்டுக்கு வந்தா என் சம்சாரம் வசந்தாமணி "ஏனுங்க"ம்பா. ரொம்ப மரியாதையாத்தான் சொல்லுவா. அதைக் கேட்டாலே நான் என்ன தப்புப் பண்ணினேன்னு யோசிக்க ஆரம்பிச்சிருவேன்.

தொழில்ல எனக்கு ஒரே ஒரு ரகசியம். எவனுக்கும் நெசத் தேதியைச் சொல்ல மாட்டேன். ஷிப்மென்ட் இருபதாந்தேதின்னா சாயப்பட்டறைக்காரன்கிட்டப் பதினாலும்பேன். பிரிண்டிங்காரன்கிட்டப் பதினாறும்பேன். அவங்களும் லேசுப்பட்ட ஆளுங்க இல்லீங்க. நான் பதினாலுன்னா, அவங்க மனசுக்குள்ள நாலு நாளைக் கூட்டிப் பதினெட்டுன்னு வெச்சுக்குவாங்க. திருப்பூரே இப்படித்தான் ஓடுது. நெசத் தேதி சொல்லற முதலாளி ஒருத்தரு எங்க வீதியில இருந்தாரு. இப்ப அந்த எடத்துல பரோட்டாக் கடை நடக்குது.

எங்களுக்கு ஒரே புள்ளை, அக்ஷரா. அவளை நான் ஸ்கூட்டி ஓட்டவே உட்டதில்லை. அவ அப்புச்சி, அதான் என் மாமனாரு, அவிநாசிப் பக்கம் ரோட்டோரத் தோட்டத்துல ஒரு துண்டை வித்து, பேத்தியை பிளேன் ஓட்டப் படிக்க அனுப்பீட்டாரு. நான் தடுக்கலை. தலை சுத்துதுன்னு ஒரு மாசத்துல திரும்பி வந்துருவான்னு கணக்குப் போட்டேன். ஒன்றரை வருஷங் கழிச்சு கையில லைசென்ஸோட வந்து நின்னா. தலை சுத்துனது எனக்குத்தான்.

ரெண்டாயிரத்து ஏழுல ஒரு நாள் அவளுக்கு ஈமெயில் வந்துது. சின்னச் சின்ன ஊருக்கெல்லாம் விசிறி வெச்ச பிளேன் விடற கம்பெனி ஒண்ணு பைலட் எடுக்குதாம். மெட்ராஸ்ல காலைல பரிட்சை, மத்தியானம் இன்டர்வியூ.

"என்னைக்கு?"ன்னு கேட்டேன்.

"இருபதாந்தேதிங்க"ன்னா வசந்தாமணி.

"தாராளமாப் போயிட்டு வரட்டும்."

வசந்தாமணி தக்காளி அரிஞ்சுட்டு இருந்தவ, தலையை நிமுத்தி என்னை ஒரு பார்வை பாத்தா. பொறகு மறுக்கா தக்காளி அரிய ஆரம்பிச்சுட்டா.

உள்ளுக்குள்ள நான் முடிவு பண்ணீட்டனுங்க. புள்ளை போகக் கூடாது. கம்பெனியைப் பாத்துக்க ஆளு வேணுமுன்னு வெளிய சொல்லிக்கலாம். ஆனா உங்ககிட்ட மறைக்க என்ன இருக்குது. அவ படிக்கப் போன ஒன்றரை வருஷமும், நான் சோத்துக்கு உக்காந்தா எதிர்ல ஒரு காலிச் சேரு இருந்துது. அதை மறுக்காப் பாக்க எனக்குத் தெம்பு இல்லீங்க.

வாயைத் தொறந்து வேண்டாமுன்னா வசந்தாமணி ஒரே நிமிஷத்துல என்னைச் சுருட்டி மூலையில வெச்சிருவா. அதனால வெளிய உதவி, உள்ள உபத்திரவமுன்னு எறங்கினேன்.

மொதல்ல படிப்பு. "ஊட்டுல டிவி சத்தம் கண்ணு, கம்பெனிக்கு வந்து நிம்மதியாப் படி"ன்னேன். கூட்டிட்டுப் போயி ரெண்டு ஓவர்லாக் மெஷினுக்கு நடுவுல சேரைப் போட்டேன். பக்கத்துல ஜெனரேட்டர். தலைக்கு மேல எஃப்எம். ஒரு வாரத்துல புள்ளைக்குப் படிப்பே மறந்துரும்னு நெனச்சேன். மூணாம் நாளு எங்க சூப்பர்வைசர் அந்தோணிராஜ் வந்து நின்னான். தூத்துக்குடிப் பக்கத்து ஆளு.

"மொதலாளி, பாப்பா கணக்குப் போட்டுக்கிட்டே, மூணாவது மெஷின்ல நூல் அந்துட்டுன்னு சொல்லுது. போய்ப் பாத்தா அந்துதான் கெடக்கு."

சரி, அது வேலைக்கு ஆகலை. அடுத்து இன்டர்வியூவுல கைய வெச்சேன். வெளிநாட்டுக்காரன் கம்பெனியைப் பாக்க ஆடிட்டுக்கு வந்தா, என்ன கேட்டா என்ன சொல்லோணும்னு எங்க ஆளுங்களுக்குப் பாடம் நடத்தறது அந்தோணிராஜ்தான். அவனை ஊட்டுக்கே வரச் சொல்லி, ஹால்ல உக்கார வெச்சேன்.

"பாப்பா, பிளேன் ஓட்டையில எப்பவாச்சும் தப்புப் பண்ணியிருக்கியா?"

"ஒரு தடவைங்கண்ணா. காத்தைத் தப்பாக் கணிச்சுட்டேன். எறங்காம இன்னொரு சுத்துச் சுத்தித்தான் எறக்கினேன்."

"போச்சு. அப்படிச் சொல்லப்பிடாது. 'எங்க யூனிட்ல தப்பே நடக்காது சார்'னு சொல்லணும்."

"யூனிட்டுங்களா?"

"பிளேன்னு போட்டுக்க. அடுத்து, எமர்ஜென்சி வாசல் எப்படி இருக்கும்?"

"மூடியிருக்குமுங்கண்ணா."

"ஐயையோ, தொலைஞ்சோம். 'எப்பவும் தொறந்தே இருக்கும் சார், நாங்க பூட்டுறதே இல்லை'ன்னு சொல்லணும்."

"பறக்கறப்பவுமுங்களா?"

"ஆடிட்டர் மொதல்ல பாக்குறதே அதைத்தான் பாப்பா."

எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துது. புள்ளை எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கிட்டா. வசந்தாமணி டீயும் வடையும் கொண்டாந்து வெச்சுட்டு நின்னு கேட்டா.

"ஏனுங்க, அந்தோணித் தம்பிக்கு பிளேனெல்லாம் தெரியுமுங்களா?"

"ஆடிட்டு தெரியும்."

"அப்பச் சரிங்க."

அவ்வளவுதான் சொன்னா. சண்டைக்கு வரலை. அப்பவே நான் சுதாரிச்சிருக்கோணும்.

பதினஞ்சாந்தேதி காலைல, "அக்ஷரா கூடப் படிச்ச புள்ளைக்கு நாளைக்கு மெட்ராஸ்ல நிச்சயதார்த்தமுங்க. ஓடிப் போயிட்டு வந்துர்றாளாம்"ன்னா. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாதுங்க. பரிட்சைக்கு நாலஞ்சு நாள் இருக்கறப்ப ஊரு சுத்தப் போனா, படிச்சதெல்லாம் காத்தோட போயிரும். நானே கார் எடுத்தேன். நானே பெட்டி தூக்கினேன். பெட்டி கல்லுக் கனம் கனத்துது. "பட்டுச் சேலைங்கப்பா"ன்னா. ஜன்னலோரமா உக்கார வெச்சு, தண்ணி பாட்டிலும் தேங்கா பன்னும் வாங்கிக் குடுத்தேன். ரயில் கெளம்பறப்ப, "அப்பா, ஆசீர்வாதம் பண்ணுங்க"ன்னா. எவளோ நிச்சயம் பண்ணிக்கறதுக்கு இவளுக்கெதுக்கு ஆசீர்வாதமுன்னு எனக்குத் தோணவே இல்லை. "போற காரியம் நல்லபடியா முடியட்டும் சாமி"ன்னு தலையில கை வெச்சு அனுப்பினேன்.

பதினேழாந்தேதி திரும்பி வந்தா. மூஞ்சி பளபளன்னு இருந்துது. நிச்சயதார்த்தச் சாப்பாடு நல்லா இருந்துதாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

பத்தொம்பதாந்தேதி கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். குளிக்கற ரூம் வாசல்ல விழுந்தனுங்க. விழுந்தேன்னா, மொதல்ல துண்டை விரிச்சு, அது மேல படுத்து, பொறகு "ஐயோ இடுப்பு"ன்னு கத்துனேன். ரெண்டு பேரும் ஓடி வந்தாங்க.

"பாத்து விழுந்தீங்களா?"ன்னா வசந்தாமணி.

"ஆமா. இல்லை, பாக்காமத்தான் விழுந்தேன்."

"துண்டு?"

"அதுவும் கூடவே விழுந்துருச்சு."

அக்ஷராவைப் பாத்து மொனகினேன். "நீ மெட்ராஸ் போ கண்ணு. எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை."

"நான் போகலைங்கப்பா"ன்னா அவ. ஒரு நொடி கூட யோசிக்கலை. இப்படியாப்பட்ட புள்ளையை ஏமாத்தறமேன்னு மனசு கெடந்து அடிச்சுக்குச்சு. ஆனாலும் எந்திரிக்கலை.

அதுக்கப்பறம் வசந்தாமணி என்னை எந்திரிக்கவே உடலை. காலைல கொள்ளுத் தண்ணி. மத்தியானம் கஞ்சி. சாயந்தரம் மறுக்காக் கொள்ளுத் தண்ணி. காப்பி கேட்டா, "இடுப்புக்கு ஆகாதுங்க". டிவி கேட்டா, "கழுத்தைத் திருப்பினா இடுப்பு இழுக்குமுங்க". சுடச்சுட உப்பு ஒத்தடம் வேற. நல்லா இருந்த இடுப்பு ரெண்டாம் நாளு நெசமாவே வலிக்க ஆரம்பிச்சுது. இருபதாந்தேதி கடியாரத்துல சாயந்தரம் அஞ்சு அடிச்சப்ப, படுத்தபடியே செவுத்தைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டேன்.

இருபத்திரெண்டாந்தேதி மத்தியானம் சமையக்கட்டுல இருந்து மட்டன் பிரியாணி வாசம் வந்துது. எனக்குக் கஞ்சிதான் வந்துது. என்ன விசேஷமுன்னு நான் மூக்கை நீட்டிட்டுப் படுத்திருக்கறப்ப, அந்தோணிராஜ் விரலைச் சப்பிக்கிட்டே உள்ள வந்தான்.

"மொதலாளி, கம்பெனிக்கே ஒரு அண்டா வந்துட்டு. பாப்பாவுக்கு பைலட் வேலை கெடைச்சதுல எல்லாவனுக்கும் சந்தோசம்."

கட்டில்ல இருந்து ஒரே தாவாத் தாவி நின்னேன்.

வாசப்படியில வசந்தாமணி. "இடுப்பு சரியாப் போச்சுங்களா?"

"எந்த வேலை? இருபதாந்தேதி அவ ஊட்டுலதான இருந்தா?"

"இன்டர்வியூ பதினாறாந்தேதிங்க."

"நீ இருபதுன்னு சொன்னே."

"சாயப்பட்டறைக்காரருக்கு நீங்க நெசத் தேதியா சொல்றீங்க?"

"அப்ப அந்த நிச்சயதார்த்தம்?"

"அதுதானுங்க இன்டர்வியூ. நீங்கதான ஏத்தி உட்டீங்க. ஆசீர்வாதம் பண்ணுனீங்களாமா, புள்ளை சொல்லுச்சு."

"என் மேல எப்படிச் சந்தேகம் வந்துது?"

"வேண்டாமுன்னு சொல்லாம, எடுத்ததும் தேதியைக் கேட்டீங்க. கலியாணம் ஆகி இருபத்தினாலு வருஷத்துல அப்படிக் கேட்டதே இல்லீங்களே."

அக்ஷரா வந்து பக்கத்துல உக்காந்தா. பரிட்சையில காதுல சத்தத்தை உட்டுட்டே கணக்குப் போடச் சொன்னாங்களாம். கூட வந்தவங்க எல்லாம் தெணறீட்டாங்களாம். "எனக்கு நம்ம ஜெனரேட்டர் பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரியே இருந்துதுங்கப்பா"ன்னா. அந்தோணி சொல்லிக் குடுத்தது என்னாச்சுன்னு கேட்டேன். "எல்லாத்துக்கும் நேர் எதிராச் சொன்னேன்."

கடைசியா, இன்டர்வியூ எடுத்த மூணு பேருல ஒரு பெரிய கேப்டன் கேட்டாராம். "பக்கத்துல உக்காந்திருக்கற கேப்டன் தப்பான முடிவு எடுத்தா நீ என்ன பண்ணுவே?"

"நீ என்ன சொன்னே?"

"எங்க ஊட்டுல தினமும் அப்படித்தான் சார் நடக்குது. எங்கம்மா மொதல்ல மரியாதையா எடுத்துச் சொல்லுவாங்க. கேட்கலைன்னா, கேப்டன் மனசு நோகாம வண்டியைச் சரியான பக்கம் திருப்பீருவாங்கன்னு சொன்னேன். மூணு பேரும் சிரிச்சுட்டாங்கப்பா."

நானும் சிரிச்சேனுங்க. வேற என்ன பண்றது. கோவம் வருமுன்னு பாத்தேன், வரலை. எம் புள்ளை மூணு பெரிய மனுஷனுங்களைச் சிரிக்க வெச்சிருக்காளேன்னு பெருமையாத்தான் இருந்துது. அன்னைக்கு எனக்கும் பிரியாணி கெடைச்சுது.

"எப்பப் போயிச் சேரோணும்?"

"அடுத்த மாசம் முப்பதாந்தேதி ரயிலுங்க. ஹைதராபாத்"ன்னா வசந்தாமணி.

நான் தேதியிலயே பொழைக்கறவனுங்க. எத்தனை தடவை ஏமாறுவேன்? அவ நாலு நாள் கூட்டிச் சொல்றவ. அப்ப நெசத் தேதி இருபத்தாறு. அதை மனசுல முடிஞ்சு வெச்சுக்கிட்டேன். அடுத்த மாசம் இருபத்தாறாந்தேதி விடிஞ்சதும், ரெண்டு பேரும் அவிநாசிக் கோயிலுக்குப் போறமுன்னு கார்ல கெளம்பினாங்க. பெரிய பை ஒண்ணு கையில. எனக்குத் தெரியாதாக்கும். ஆட்டோ பிடிச்சு ஸ்டேஷனுக்கு ஓடினேன். தண்ணி பாட்டிலும் நாலு தேங்கா பன்னும் வாங்கிக்கிட்டேன். ரயில் வந்துது. முன்னால இருந்து பின்னால வரைக்கும் ஒவ்வொரு ஜன்னலா எட்டிப் பாத்தேன். எங்கயும் அவ மூஞ்சி இல்லை. ரயிலு போயிருச்சு. ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாளே, அப்படி என்னத்தைச் செஞ்சுட்டேன்னு நெனச்சேன். பெஞ்சுல உக்காந்து, அந்தப் பன்னை மடியில வெச்சுட்டு, கொழந்தையாட்ட அழுதனுங்க. போர்ட்டர் ஒருத்தரு வந்து தண்ணி வேணுமான்னு கேட்டுட்டுப் போனாரு.

செல்போன் அடிச்சுது.

"ஏனுங்க, எங்க இருக்கீங்க?"

"சாயப்பட்டறையில."

"சாயப்பட்டறையில ரயில் சத்தம் கேக்குதுங்க."

மூக்கை உறிஞ்சினேன். "புள்ளை எங்க?"

"இங்க கோயில்ல, எம் பக்கத்துலதான் நிக்கறா. முப்பதாந்தேதின்னு சொன்னது நெசமுங்க."

"நெசத்தைச் சொன்னியா? ஏன்?"

"சொன்னா நீங்க நம்பாம, இன்னைக்கே அங்க போயி அழுதுட்டு வந்துருவீங்கன்னுதானுங்க. முப்பதாந்தேதி புள்ளை முன்னால அழுகறதுக்கு மிச்சம் இருக்காது பாருங்க."