பெரியவருக்கு வயது இருபது

சேலம் ஜில்லாவில் ஏழு மாதம் குடியிருந்து, ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் உயிரோடு திரும்பிப் போன ஒரே மனிதர் எங்கள் மாடி வீட்டுப் பெரியவர்தான். இதை நான் எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன். பெரியவருக்கு அப்போது வயது இருபது.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. கடைக்கு மேலே வீடு, வீட்டுக்கு மேலே வாடகைக்கு ஒரு போர்ஷன். அங்கேதான் வந்து சேர்ந்தார். ராஜமுந்திரிப் பக்கத்துப் பையன், மார்மன் கிறிஸ்தவர். அவர்கள் சபையில் இளவட்டங்கள் இரண்டு வருஷம் வீட்டை விட்டு வந்து, அனுப்புகிற ஊரில் சம்பளமில்லாமல் ஊழியம் செய்ய வேண்டுமாம். அப்படி வருகிறவர்களுக்கு 'எல்டர்' என்று பட்டம். வெள்ளைச் சட்டை, டை, பாக்கெட்டில் ஒரு கறுப்பு பேட்ஜ், அதில் அந்தப் பட்டம். "எல்டருன்னா என்னங்க?" என்று என் மனைவி கேட்டாள். பெரியவர் என்று அர்த்தம் சொன்னேன். மீசை முளைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த அந்த முகத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்தாங்க பெரியவரே, சாவி" என்று நீட்டினாள். அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தேவைப்படவில்லை.

பெரியவர் ஒற்றை ஆளாக வரமாட்டார். கூடவே இன்னொருவர் உண்டு, பெங்களூர்ப் பையன், பேசவே மாட்டார். அவருக்கு ஜோடிப் பெரியவர் என்று பெயர். ஒருவரை விட்டு ஒருவர் பிரியக்கூடாது என்பது சபை விதி. ஒருவர் முடி வெட்டிக்கொள்ளப் போனால் மற்றவர் சலூன் பெஞ்சில் காவல். ஒருவருக்குப் பல் வலித்தது, இருவரும் போனார்கள். பல் டாக்டர் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு வாயையும் பார்த்துத்தான் அனுப்பினார். "கல்யாணமாகிப் பதினெட்டு வருசமாச்சு, ஒரு நாளாச்சும் எங்கூட இப்படி வந்திருப்பீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். எனக்கு அவர்கள் மேல் முதல் கோபம் வந்தது அப்போதுதான்.

காலை ஆறரைக்கு எழுந்திருப்பார்கள். தண்டால், குளியல், படிப்பு. பிறகு ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்புவார்கள். சைக்கிளுக்கு ஹெல்மெட் போட்ட ஆளை எங்கள் ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. மதம் பேசச் சொன்னால்தான் பேசுவார்கள். யாரும் சொல்லாதபோது, "ஏதாச்சும் ஒத்தாசை வேணுங்களா?" என்று, பழகிக்கொண்ட எங்கள் ஊர்த் தமிழில் கேட்டுக்கொண்டே போவார்கள். சிமெண்ட் மூட்டை தூக்குவார்கள், மாவு மில்லுக்குத் தூக்குச்சட்டி சுமப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வழிபாடு. திங்கட்கிழமை மட்டும் விடுப்பு மாதிரி. துணி துவைப்பது, காய்கறி வாங்குவது, அம்மாவுக்குப் போன் பேசுவது எல்லாம் அன்றைக்குத்தான்.

டீ விஷயம்தான் தெருவை உலுக்கியது. டீ, காபி இரண்டும் அவர்கள் சபையில் ஆகாது. எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவர் டீ வேண்டாம் என்றால், ஒன்று பகை, இல்லை வியாதி. பகைக்கு முகாந்திரம் இல்லாததால் வியாதி என்று முடிவு செய்தார்கள். "அல்சருங்களா சாமி?" என்று விசாரித்து, டீக்குப் பதிலாகப் பால் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கொடுத்தது தெரிந்து பக்கத்து வீட்டில் மோர், அதற்கடுத்த வீட்டில் சத்துமாவுக் கஞ்சி. வேண்டாம் என்று சொல்லப் பெரியவருக்குத் தெரியாது. மூன்றாவது மாதம் சட்டைப் பட்டன் இரண்டு தெறித்து என் மனைவியிடம் வந்தது.

ஆனால் பெரியவரின் உண்மையான கோளாறு வேறு. யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்புவார்.

"ஞாயித்துக்கெழம நம்ம சபைக்கு வாங்கண்ணா" என்பார். எங்கள் ஊரில் யாரும் மூஞ்சியில் அடித்த மாதிரி மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். "அதுக்கென்ன தம்பி, வந்துட்டாப் போச்சு" என்பார்கள். வரமாட்டேன் என்பதற்கு எங்கள் பக்கம் அதுதான் மரியாதையான சொல். பெரியவர் அதைக் கேட்டுக்கொண்டு, டவுனில் அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த ஹாலில் பதினாறு நாற்காலி கூடுதலாகப் போட்டுவைத்தார். ஒருவரும் வரவில்லை. திங்கட்கிழமை பதினாறு வீட்டுக்கும் போய், "ஒடம்பு சரியில்லைங்களா?" என்று நிஜமான கவலையோடு கேட்டார். அடுத்த வாரமும் நாற்காலி போட்டார். நான்காவது வாரம், பஸ் ஸ்டாப்பில் பூ விற்கும் அக்கா தாங்கமாட்டாமல், "நான் மாரியாத்தாளக் கும்புடறவ சாமி, வரமாட்டேன். என் நாற்காலிய எடுத்துரு" என்று சொல்லிவிட்டார். பெரியவர் சிரித்துக்கொண்டே, "சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்கக்கா" என்றார். அதற்குப் பிறகு தெருவில் எல்லோருமே அவரிடம் கொஞ்சம் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள்.

எனக்கும் அடி விழுந்தது. இன்சூரன்ஸ் போடச் சொல்லி என் பள்ளிக்கூட நண்பன் ஒருவன் வந்தான். நான் உள்ளறையில் படுத்துக்கொண்டு, ஊரில் இல்லை என்று மனைவியைச் சொல்லவைத்தேன். படியில் இறங்கிவந்த பெரியவர் அதைக் கேட்டுப் பதறிப்போய், "இல்லைங்கக்கா, அண்ணன் உள்ளதான் இருக்காரு. நீங்க பாக்கலைங்களா? வாங்க, காட்டறேன்" என்று இருவரையும் அழைத்துவந்து காட்டினார். பாலிசி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவை ஜலகண்டாபுரத்தில் கொடுத்திருக்கிறோம். மாமாவுக்கு விசைத்தறி. எங்கள் ஊர், அவர்கள் ஊர், சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் சேர்ந்து வருஷாவருஷம் கிரிக்கெட் கோப்பை நடக்கும். பத்து வருஷத்துக்கு முன்னால் ஃபைனலில் நான் அம்பயர், மாமா அவர்கள் கேப்டன். மாமா தூக்கி அடித்த பந்தை எங்கள் பையன் எல்லைக்கோட்டில் பிடித்தான். அவன் குதிகால் பட்டுச் சுண்ணாம்புத் தூள் பறந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே விரலைத் தூக்கினேன். நாங்கள் ஜெயித்தோம். மைதானத்தில் அடிதடி, கோப்பையே நின்றுபோனது.

மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் ஒரு கரண்டி பாயசம் குறைந்தாலே பஞ்சாயத்து நடக்கும் ஊர் இது. நான் மாப்பிள்ளைக்கே அவுட் கொடுத்திருக்கிறேன். அதோடு மாமா எங்கள் வாசல்படி மிதிக்கவில்லை. அக்காவைத் தெருமுனையில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிவிடுவார். எங்கள் வீட்டு விசேஷம் எல்லாவற்றிலும் அக்கா தனியாக உட்கார்ந்திருப்பாள். அதைவிடக் கொடுமை, அக்கா மகளுக்கு ஏழு வயதாகியும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் நான் ஒருவன்தான். "அந்தப் பொய்யன் மடியில எம்புள்ள உக்காராது" என்று மாமா சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் கம்மல் இருக்க, அந்தக் குழந்தை ரிப்பனை இழுத்துக் காதை மறைத்துக்கொண்டு போகும். அக்கா அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டாள், சுவரைப் பார்த்துத்தான் சொல்லுவாள்.

இந்த நிலைமையில் இளவட்டங்கள் கூடிக் கோப்பையை மறுபடி நடத்துவது என்று முடிவெடுத்தார்கள். எந்த ஊருக்கும் சொந்தமில்லாத அம்பயர் வேண்டும். எங்கே போவது? கொள்வினை கொடுப்பினையில் ஜில்லாவே சொந்தம். என் மனைவிதான் வழி சொன்னாள். "மாடியில ரெண்டு பேரு இருக்காங்களே. வெள்ளச் சட்டை, கறுப்புப் பேண்ட்டு, உடுப்பு மொதக்கொண்டு தயாரு. ஒரு டீ வாங்கிக் குடுத்துக்கூட மடக்க முடியாது."

அம்பயருக்கு இரண்டு பேர் வேண்டும், அவர்களும் இரண்டு பேராகத்தான் வருவார்கள். ஒரே சிக்கல், ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார்கள். ஆகவே இந்தியாவிலேயே முதல்முறையாக ஒரு டோர்னமெண்ட் முழுவதும் திங்கட்கிழமைகளில் நடந்தது. எங்கள் ஓப்பனர் மூன்று வாரம் தொடர்ந்து திங்கட்கிழமை மட்டும் வயிற்றுவலி என்று லீவு போட்டான். அவனுடைய மேனேஜர் நான்காவது திங்கள் தானே மேட்ச் பார்க்க வந்துவிட்டார்.

முதல் மேட்ச்சிலேயே பெரியவர் தன் முறையைக் காட்டிவிட்டார். கீப்பர் பந்தைப் பிடித்துவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினான். பெரியவர் விரலைத் தூக்கவில்லை, தலையையும் ஆட்டவில்லை. நடந்து பேட்ஸ்மேனிடம் போனார்.

"அண்ணா, பேட்டுல பட்டுதுங்களா?"

பேட்ஸ்மேன் ரிக் லாரி டிரைவர். போர்வெல் போடப் பத்து மாநிலம் சுற்றிய ஆள், எந்தச் செக்போஸ்ட்டிலும் உண்மை பேசியதில்லை. "படல" என்றான்.

"சரிங்கண்ணா. நாட் அவுட்டுங்க" என்று பெரியவர் திரும்பி நடந்தார். மைதானமே தலையில் அடித்துக்கொண்டது. ஆனால் டிரைவரால் அதற்குப் பிறகு ஆட முடியவில்லை. இரண்டு பந்து தடுமாறினான். மூன்றாவது பந்துக்கு முன்னால் பேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "பட்டுச்சு தம்பி. நீ இப்படி நம்புனா மனுசன் எப்படி ஆடறது?" என்று சொல்லிவிட்டுத் தானே வெளியே போனான். "போயிட்டு வாங்கண்ணா" என்று பெரியவர் வழியனுப்பினார். அந்த டோர்னமெண்டில் பாதிப்பேர் இப்படித் தாங்களாகவே அவுட் ஆகிப் போனவர்கள்தான்.

ஃபைனல். எதிர்பார்த்தபடி நாங்களும் ஜலகண்டாபுரமும். மாமாவுக்கு வயது நாற்பத்தேழு, இருந்தாலும் கேப்டன். ஆள் குறைந்ததால் எல்லைக்கோட்டில் என்னையும் நிறுத்தியிருந்தார்கள். கடைசிப் பந்து, அவர்களுக்கு ஐந்து ரன் வேண்டும். மாமா கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினார். பந்து நேராக என்னை நோக்கி வந்தது. வாழ்க்கையில் ஒரு கேட்ச் பிடித்தவனில்லை நான். பின்னால் நகர்ந்தேன், நகர்ந்தேன், பந்து வந்து கையில் உட்கார்ந்துவிட்டது.

வெறுங்காலோடு நின்றிருந்தேன். குதிகாலுக்கு அடியில் சுண்ணாம்பு மெத்தென்று இருந்தது.

யாரும் பார்க்கவில்லை. பையன்கள் ஓடிவந்து என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். பட்டாசு வெடித்தது. மாமா திரும்பிக்கூடப் பார்க்காமல் ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலுக்கு நடுவே டை பறக்கப் பெரியவர் ஓடிவந்தார், பின்னாலேயே ஜோடிப் பெரியவர்.

தோளில் உட்கார்ந்திருந்த என்னை அண்ணாந்து பார்த்து, மூச்சு வாங்க, "அண்ணா, கால் கோட்டுல பட்டுதுங்களா?" என்றார்.

அந்தப் பையனின் கண்ணில் ஒரு துளி சந்தேகம் இருந்திருந்தால்கூட நான் பொய் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். நான் என்ன சொன்னாலும் நம்பத் தயாராக நின்றார்.

"பட்டுச்சு" என்றேன்.

"கேக்கலைங்கண்ணா, பட்டாசுச் சத்தம்."

"பட்டுச்சு தம்பி. சிக்ஸு" என்று மைதானத்துக்கே கேட்கும்படி கத்தினேன். தூக்கியிருந்தவர்கள் என்னை அப்படியே கீழே போட்டார்கள். விழுந்த இடத்திலிருந்தே, வந்தது வரட்டும் என்று, "பத்து வருசத்துக்கு முன்னாடியும் பட்டுச்சு மாமா. நான் பாத்தேன்" என்றேன்.

மாமா பேட்டோடு நடந்துவந்தார். அடிக்கப்போகிறார் என்று எல்லோரும் ஒதுங்கிக்கொண்டார்கள். ஜோடிப் பெரியவர் மட்டும் எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏன் மாப்ள, இத சொல்றதுக்குப் பத்து வருசமா?"

"யாரும் கேக்கல மாமா."

"நான் கேட்டேனேடா."

"நீங்க கேக்கல மாமா, திட்டுனீங்க."

மாமா பேட்டைக் கீழே போட்டார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பத்து வருஷம் கழித்துப் பார்க்கிறேன், முன்பல் ஒன்று போயிருந்தது. கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

அன்று சாயந்திரம், தோற்ற எங்கள் வீட்டுக்குக் கோப்பை வந்தது. மாமாவே தலைக்குமேல் தூக்கிப்பிடித்துக்கொண்டு வந்தார். தெருமுனையில் நிற்கவில்லை, வாசலிலும் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து, நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ஏம்புள்ள, தண்ணி கொண்டா" என்றார். மேட்ச்சுக்காக வந்து சமையலறையில் இருந்த அக்கா சொம்போடு வந்தாள். வந்த அவசரத்தில் பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது. அழுதாள், அழுதுகொண்டே என்னைத் தலையில் குட்டினாள், "இந்த ஒரு வார்த்தய அன்னைக்கே சொல்லித் தொலைச்சா என்னடா?" என்று மறுபடி குட்டினாள். பத்து வருஷத்தில் நான் வாங்கிய மிக நல்ல குட்டு அதுதான்.

சொம்பைக் காலி செய்துவிட்டு மாமா சொன்னார்: "தை மாசம் பாப்பாவுக்குக் காது குத்தோணும். மடியத் தயார் பண்ணிக்க மாப்ள."

பெரியவர்களும் வந்தே தீர வேண்டும் என்று மாமா கட்டளை போட்டார். ஆனால் தைக்கு முன்னாலேயே பெரியவருக்கு மாறுதல் வந்துவிட்டது, வடக்கே ஏதோ ஒரு பெரிய ஊருக்கு. பஸ் ஏற்றிவிடத் தெருவே போனது. பூக்கார அக்கா பஸ் ஜன்னல் வழியாக ஒரு முழம் மல்லிகையைக் கொடுத்துவிட்டார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் பெரியவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

காதுகுத்து ஜோராக நடந்தது. ஜலகண்டாபுரமே திரண்டிருந்தது. பாப்பாவைப் பட்டுப்பாவாடையோடு என் மடியில் உட்காரவைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் அது என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மாமா பக்கத்திலேயே நின்று என் தோளில் கை வைத்திருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை பெரியவர் போன் செய்தார். அன்றைக்குத்தானே அவருக்குப் பேச நேரம். அம்மாவிடம் பேசிவிட்டு மீதி நேரத்தில் எனக்கு.

"காது குத்தியாச்சுங்களாண்ணா? பாப்பா ரொம்ப அழுதுச்சுங்களா?"

"பாப்பா அழுவல தம்பி, நாந்தான் அழுதேன்" என்றேன். "நீ பக்கத்துல இருந்திருக்கோணும் சாமி."