சம்பந்தி அம்மாளுக்கு மீசை முளைத்த விவரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் நலம். நீங்களும் என் மகளும் நலம் என்றே நம்புகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அதில் மாற்றம் இருக்காது. கணினியில் தட்டாமல் கையால் எழுதுவதற்குக் காரணம், இது அந்தக் கணினியைப் பற்றிய புகார் என்பதுதான். குற்றவாளியிடமே மனுவைக் கொடுத்தனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

முப்பத்தொரு வருஷம் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டவன் நான். என் கோட்டை நம்பி எத்தனையோ அண்ணன் தம்பிகள் வேலி போட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு, உங்கள் மாமியாரின் கிராஸ் ஸ்டிச் வேலைக்குக் கட்டத்தாளில் பென்சிலால் படம் போட்டுக் கொடுத்து வந்தேன். ஒரு கட்டத்துக்கு ஒரு தையல். வாத்து வாத்தாகவும் ரோஜா ரோஜாவாகவும் வந்துகொண்டிருந்தன. அது உங்கள் கண்ணை உறுத்திவிட்டது. "என்ன மாமா, இன்னும் பென்சில்லயா கட்டம் போடறீங்க? போட்டோவைக் கொடுத்தா சாப்ட்வேரே எந்த இடத்துல என்ன தையல்னு பிரிச்சுக் கொடுத்துடும்" என்று சொல்லி, பத்தே நிமிடத்தில் அதை ஏற்றிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். போனவர் போனவர்தான்.

நாங்கள் கொடுத்த போட்டோ யாருடையது என்பதை இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். உங்கள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அறுபதாவது பிறந்த நாள். உங்கள் கல்யாணத்துக்கு மறுவாரம் இங்கே வந்திருந்தபோது, சுவரில் மாட்டியிருந்த வாத்தைப் பார்த்து, "நேரம் இருக்கிறவங்களுக்கு இதெல்லாம் நல்ல பொழுதுபோக்குதான்" என்று ஒரு வார்த்தை சொன்னார். சொன்னவர் அன்றைக்கே மறந்திருப்பார். கேட்டவர் நாலு வருஷமாக மறக்கவில்லை. "அவங்க முகத்தையே தைச்சு அவங்க கையில கொடுக்கறேன், அப்புறம் பேசட்டும்" என்று உங்கள் மாமியார் ஊசியை எடுத்துவிட்டார். ஆகவே இது வெறும் துணி விவகாரம் இல்லை என்பதை நீங்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது அந்த மென்பொருளின் யோக்கியதையைக் கேளுங்கள். ஒரு முகத்துக்கு அறுபத்திரண்டு நிற நூல் கேட்டது. உங்கள் அம்மாவின் முகத்தில் அத்தனை நிறம் இருப்பது அவருக்கே தெரிந்திருக்காது. திரையின் ஓரத்தில் சின்னச் சின்னப் பொத்தான்கள், தையலுக்கு ஒன்றாக. முழுத் தையல் என்றால் கட்டத்துக்குள் மூலைக்கு மூலை இரண்டு கோடு, பெருக்கல் குறி மாதிரி. அது எனக்குத் தெரியும். அரைத் தையல் என்று ஒன்று, அதில் ஒரே ஒரு கோடுதான். கால் தையல் என்று ஒன்று, மூலையில் புறப்பட்டுப் பாதி வழியிலேயே நின்றுவிடுவது. கிளம்பின காரியத்தை முடிக்காமல் நிற்பதற்கு ஒரு பொத்தான் வேறு. விளிம்பைக் கோடாக வரையப் பின்தையலாம். நூலை ஊசியில் சுற்றிப் புள்ளியாக வைக்க முடிச்சாம். பின்தையலை எடுத்துப் புருவம் வரைந்தேன், திரையில் தெரியவில்லை, மறுபடி வரைந்தேன், தெரியவில்லை, மூன்றாம் தடவையும் வரைந்துவிட்டுப் பெரிதாக்கிப் பார்த்தால் மூன்று கோடும் பக்கத்தில் பக்கத்தில் சட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. அழிக்கப் போனேன், மூக்கு அழிந்தது. மூக்கா புருவமா என்று யோசித்து மூக்கைக் காப்பாற்றிக்கொண்டேன். முடிச்சுப் பொத்தான் அதற்கும் மேல், ஒரு தடவை அழுத்தினால் ஆளை விடாது. கண்ணுக்குள் ஒரு புள்ளி வைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது, எழுந்தேன், முழங்கை மவுஸ் மேல் பட்டது, இடது கன்னத்தில் ஒரு முடிச்சு விழுந்தது. விழுந்ததை அது எனக்குச் சொல்லவும் இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மூக்குக்குக் கீழே, அடர் பழுப்பு நிறத்தில், நாற்பத்தேழு கட்டங்களை அது அரைகுறையாக விட்டு வைத்திருந்தது. அத்தனையும் அரைத் தையல். என் உத்தியோகத்தில் பாதி அளந்துவிட்டு வந்த ஆளை வெயிலென்றும் பாராமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நாற்பத்தேழையும் ஒவ்வொன்றாக முழுத் தையலாக மாற்றினேன். இரண்டு நாள் பிடித்தது. ஒவ்வொரு தடவையும், 'இது நிழல் பகுதி, மாற்றவா?' என்று கேட்டது. வேலையை முடிக்கத் துப்பில்லை, முடிக்கிறவனைக் கேள்வி கேட்பதற்கு மட்டும் குறைச்சல் இல்லை.

ஒன்பது தாளில் அச்செடுத்துக் கொடுத்தேன். உங்கள் மாமியார் மூன்று மாதம் தைத்தார். அவர் பார்ப்பது தாளில் உள்ள குறிகளை. முகம் தானாக வந்து சேரும் என்பது எங்கள் ஏற்பாடு. போன வாரம், "என்னங்க, உதட்டுக்கு மேல என்னமோ அடர்த்தியா வருதே" என்றார். "கிட்டத்துல பார்த்தா அப்படித்தான் இருக்கும். முடிச்சுட்டுத் தள்ளி நின்னு பாரு" என்றேன். முடித்தார். தள்ளி நின்று பார்த்தோம். மீசை. வாசல்வரை போய்ப் பார்த்தோம். மீசைதான். நான் மட்டும் தெருவைத் தாண்டி எதிர்ப் பக்கம் நின்று சன்னல் வழியாகப் பார்த்தேன். அங்கிருந்து இன்னும் திருத்தமாக இருந்தது. கடிதம் கொடுக்க வந்த தபால்காரர், "யாரு சார், உங்க பெரியப்பாவா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

பிரித்தெடுக்கலாம் என்றால் அந்தப் பழுப்பு நூல் வெள்ளைத் துணியில் சாயம் விட்டிருக்கிறது. மீசையை எடுத்தாலும் எடுத்த இடம் நிற்கும். "மூணு மாசம் உங்க கோட்டை நம்பினேன்" என்று சொல்லிவிட்டு உங்கள் மாமியார் உள்ளே போய்விட்டார். முப்பத்தொரு வருஷத்தில் என் கோட்டைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு வலித்தது, மாப்பிள்ளை. அதற்குப் பிறகு வீட்டில் பேச்சில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட நானே எழுந்து போகிறேன்.

ஆகவே, நீங்கள் சனிக்கிழமைக்குள் வந்து நீங்கள் ஏற்றியதை நீங்களே இறக்கிக்கொண்டு போக வேண்டும். பிறந்த நாள் பரிசு ஏன் வரவில்லை என்பதை உங்கள் அம்மாவிடம் உங்கள் வாயாலேயே சொல்ல வேண்டும். என் பெயர் அதில் வரக்கூடாது. பென்சிலைச் சீவி வைத்துக் காத்திருக்கிறேன்.

என் மகளுக்கு முழு ஆசீர்வாதம். உங்களுக்கு இப்போதைக்கு அரை. மீதியை மென்பொருள் வீட்டை விட்டு வெளியேறியதும் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
மனம் நொந்த மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசல் மணி அடித்தது. உங்கள் அம்மா. கடைத்தெருவுக்கு வந்தவர் அப்படியே எட்டிப் பார்த்தாராம். படம் மேசை மேல் விரித்தபடி கிடந்தது. நான் செய்தித்தாளைப் போட்டு மூடுவதற்குள் பார்த்துவிட்டார். துணியைக் கையில் எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "எங்க அப்பா" என்றார். "இந்தப் புருவம், கன்னத்துல இந்த மச்சம், இந்த மீசை. வீடு மாறினப்ப போட்டோ எல்லாம் பெட்டியோட தொலைஞ்சு போச்சு. அவர் முகத்தைப் பார்த்து இருபது வருஷமாச்சு. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் மாமியார் முந்திக்கொண்டு, "விசாரிச்சோம். நேரம் இருந்துச்சு, தைச்சோம்" என்றார். உப்பு மறுபடி என் கைக்கே வருகிறது. ஆகவே மென்பொருளை எடுக்க நீங்கள் வர வேண்டியதில்லை. மீதிப் பாதி ஆசீர்வாதத்தையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ஜோடியாக உங்கள் பாட்டியின் முகமும் வேண்டுமாம். அந்தப் போட்டோவும் அதே பெட்டியில்தான் போயிற்று. ஆனால் அவருடைய ஜாடை அப்படியே உங்களுக்குத்தான் என்று உங்கள் அம்மாவே சொன்னார். அதனால் உங்கள் மீசையை எடுத்துவிட்டு, நேராகப் பார்த்து ஒரு போட்டோ பிடித்து உடனே அனுப்பவும். மென்பொருளில் மீசை வைக்கத்தான் எனக்குத் தெரியும், எடுக்கத் தெரியாது.