மூக்கைத் தாழ்த்திய கீரி

ஒரு காட்டில் ஒரு சிங்கராஜா இருந்தார். சும்மா இருந்திருக்கலாம், ஒரு குட்டி விமானம் வாங்கினார். முன்னால் ஒரு விசிறி, அதன் பின்னால் ஒரே எஞ்சின். ஓட்டுவதற்கு வடிவு என்ற கீரியைத் தற்காலிகமாக வைத்தார்கள். வேலை நிரந்தரமானால்தான் குடியிருக்க அரசாங்க வளை கிடைக்கும். அதுவரை அவள் குட்டிகள் ஈரப் பொந்தில் இருமிக்கொண்டிருந்தன.

ஆயுத பூஜை வந்தது. மந்திரி கரடி பக்தி முற்றிப்போய், விமானத்தில் கண்ணில் பட்ட கண்ணாடிக்கெல்லாம் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார். எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டரும் அதில் மறைந்துபோனது.

"மந்திரியாரே, முள்ளு தெரியலீங்களே," என்றாள் வடிவு.

"சாமி பாத்துக்கும்," என்றார் கரடி.

ராஜா ஏறி உட்கார்ந்ததும் விமானம் கிளம்பியது. கீழே குடிமக்கள் அண்ணாந்து நின்றார்கள். "நேரா மேல ஏத்து. விமானத்து மூக்கு நிமிர்ந்தே இருக்கணும்," என்றார் ராஜா.

கொஞ்ச நேரத்தில் எண்ணெய் கருகும் வாடை வந்தது. வடிவு நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினாள். முள் சிவப்பில் நின்றது.

"ராஜா, இது பைக் எஞ்சின் மாதிரிங்க. காத்து பட்டாத்தான் ஆறும். மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வேகமாப் போனா சரியாயிடும்."

"ஜனங்க பாக்கறப்போ நான் தலை குனியறதா?"

வடிவு கேட்கவில்லை, தாழ்த்தினாள். முள் மெல்ல இறங்கியது. விமானமும் பத்திரமாக இறங்கியது. ஒன்றுமே நடக்கவில்லை, அதுதான் அவள் செய்த தப்பு. சாமி சந்தனத்தைச் சுரண்டியதற்கும் ராஜாவைக் குனியவைத்ததற்கும் அன்றே வேலை போயிற்று.

அடுத்து மந்திரியின் மச்சான் குரங்கு வந்தான். கரடிக்குக் குரங்கு எப்படி மச்சான் என்று அந்தக் காட்டில் யாரும் கேட்பதில்லை. அவன் மீட்டருக்குப் புதிதாகச் சந்தனம் பூசி, தொட்டுக் கும்பிட்டு, ராஜாவை ஏற்றிக்கொண்டு மூக்கை வானத்துக்கு நிமிர்த்தினான். எஞ்சின் வெந்து நின்றது. விமானம் சறுக்கிக்கொண்டே போய் ஏரியில் விழுந்தது. குரங்கு ராஜாவைப் பிடரியோடு பிடித்து இழுத்துக் கரை சேர்த்தான். காடே கைதட்டியது. அவனைத் தளபதியாக்கி மாலை போட்டார்கள்.

புது விமானத்துக்கு மறுபடி ஆள் தேடினார்கள். வடிவும் போய் நின்றாள். எஞ்சினைப் பற்றிப் பேச்சே இல்லை. கரடி கேட்டது ஒரே கேள்விதான்.

"நீச்சல் தெரியுமா?"

"தெரியுங்க," என்றாள் வடிவு. வேலை நிரந்தரமானது, வளையும் கிடைத்தது.

நீதி: எஞ்சினைக் கொதிக்காமல் பார்த்துக்கொள்கிறவரை யாருக்கும் தெரியாது. ஆகவே நன்றாகக் கொதிக்க விடு, ஏரிக்கு மேலே மட்டும்.