யாரும் பார்க்காத மயில்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது பின்னால் வந்து நின்றால் மொபைலைக் கவிழ்த்துவிடுவேன். (அதில் இருப்பதென்னவோ போளூர் பஸ் நேரம்தான்.)

ஆரணியில் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவனுக்கு இது வராவிட்டால்தான் அதிசயம். காலையில் நான் புதிதாக ஒரு பூ வரைந்தால், சாயந்திரம் பக்கத்துத் தெருவில் நாலு தறியில் அது பூத்துவிடும். அதனால், என் கல்யாணத்துக்கே முகூர்த்தப் புடவை வரைய உட்கார்ந்தபோது, எவனும் வேவு பார்க்க முடியாத பிரவுசர் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். முந்தானையில் ஜோடி மயில். போளூரிலிருந்த ரேவதியிடம், அதாவது மணப்பெண்ணிடம், போனில் ஒரு மாதம் அந்த மயிலைப் பற்றியே பீற்றிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பிரவுசர் படு கெட்டி. எந்த இணையதளமாவது திரையிலிருக்கும் படத்தைப் படிக்க வந்தால், நிஜப் படத்தை மறைத்துவிட்டுக் கண்டபடி கலர் புள்ளிகளை நீட்டும். நான் டிசைன் போடும் தளமும் திரையிலிருப்பதைப் படித்துத்தான் டவுன்லோடுக்குப் படம் கொடுக்கும். அதனால் அதற்கு மட்டும் விலக்குக் கொடுக்கச் சொல்லி, பிரவுசரின் செட்டிங் எல்லாம் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் என் கையாலேயே ஒரு வரி எழுதிவைத்தேன். (அந்த ஒரு வரிக்கு இரண்டு வாரம் காலரைத் தூக்கிவிட்டுத் திரிந்தேன்.) ஒருநாள் அப்டேட் வந்தது. சத்தமில்லாமல் ஃபைலை மாற்றி, என் வரியை அழித்துவிட்டது. நான் கவனிக்கவே இல்லை.

திரையில் மயில் மயிலாகத்தான் இருந்தது. டவுன்லோட் ஆன படத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் பென்டிரைவில் போட்டு, தறி வைத்திருக்கும் சித்தப்பாவிடம் கொடுத்தேன். தறிமேல் இருக்கும் மிஷினில் அதைச் செருகினால் போதும், அப்படியே நெய்துவிடலாம்.

“யாருக்கும் காட்டாதீங்க சித்தப்பா. என்னையும் எதுவும் கேக்காதீங்க.”

“சரிடா, பேஜார் பண்ணாத, போ.”

கல்யாணத்துக்கு நாலே நாள் இருக்கும்போது புடவை வந்தது. விரித்தேன். மயிலைக் காணோம்! தாளிக்கும்போது கடுகு வெடித்துச் சிதறியதுபோல முந்தானை முழுக்கச் சிவப்பும் பச்சையும் ஜரிகையுமாக ஒரே புள்ளி.

“இன்னா சித்தப்பா இது?”

“எனக்கு இன்னாடா தெரியும்? புது ஃபேஷன்னு நெனச்சேன். நீதான எதுவும் கேக்காதன்ன? வாய மூடிகினு நெய்ஞ்சேன்.”

இன்னொன்று நெய்ய நாளில்லை. தறிக்கார வீட்டுக் கல்யாணத்துக்குக் கடையில் முகூர்த்தப் புடவை வாங்கினால் ஊரே சிரிக்கும். வேறு வழியில்லாமல் அதை எடுத்துக்கொண்டு போளூருக்கு பஸ் ஏறினேன். ரேவதி முந்தானையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“மயிலு எங்கங்க?”

நடந்ததையெல்லாம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

“இதையே கட்டிக்கிறேன். வேற எவகிட்டயும் இது இருக்காது இல்ல?”

தாலி கட்டியது நாலு நாள் கழித்துத்தான். ஆனால் என் மனசு அவளிடம் போனது அந்த நிமிஷத்தில்தான்.

இன்றும் விசேஷங்களுக்கு அதைத்தான் கட்டுகிறாள். யாராவது முந்தானையைத் தொட்டுப் பார்த்து, “இந்த டிசைன் எங்க கிடைக்கும்?” என்று கேட்டால் போதும், நான் நைசாகப் பந்தி பக்கம் நழுவிவிடுவேன். அவள் குரல் அங்கேயும் துரத்திக்கொண்டு வரும்.

“எங்க வூட்டுக்காரர் போட்டதுங்க. யாரும் பார்த்துடக் கூடாதுன்னு அவ்ளோ ஜாக்கிரதை. அவரே பார்க்கல!”